காலடியில் வைத்த முகம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். பிறகு வாயைப் பிடிக்க முடியாது. என் மகள் இதை நன்றாக அறிந்தவள். என் காது சிவப்பதைக் கண்டதும் மெல்ல அறையை விட்டுக் கழன்றுவிடுவாள். அன்றைக்கு ரொறன்ரோ ஏரிக்கரையில் அவளுக்குக் கழன்றுபோக இடமிருக்கவில்லை. நாடா வெட்டுவதைப் பார்க்கக் கூடியிருந்த சனத்துக்கு நடுவில், என் கைப்பிடிக்குள் நின்றாள். எங்களுக்கு முன்னால் நடைபாதையில் இவருடைய முகம் கிடந்தது. அந்த முகத்தின் மேல் ஒருவன் சைக்கிளின் முன்சில்லை நிறுத்திக்கொண்டு, ஆறுதலாக ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டிருந்தான்.

இவர் என்றால் என் கணவர். அப்போது அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் நகரத்தின் மேற்குப் பக்கம், ஏரிக்கரைக்குக் கிட்ட, ஒரு கடைக்கு மேலே குடியிருந்தோம். கரையோரம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை இருந்தது. இவருக்கு அங்கேதான் வேலை. ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் இருந்த மனிதன், இங்கே வெந்து வரும் பிஸ்கட்டில் உடைந்ததைப் பொறுக்கினார். வேலை முடிந்து வந்தால் வீடு முழுக்க வனிலா மணக்கும். குளித்தாலும் போகாது. பிஸ்கட்டை என் கண்ணில் காட்டக் கூடாது என்னும் அளவுக்கு அந்த மணத்தோடு வாழ்ந்திருக்கிறேன். இப்போது எங்கேயாவது மணந்தால் நின்றுவிடுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் உள்ளே இருந்து சாப்பிட, இவர் மட்டும் கரைக் கற்களில் போய் இருப்பார். மாஜரின் டப்பாவில் நான் கட்டிக் கொடுத்த புட்டும் சம்பலும். உள்ளே இருந்து தின்றால் சம்பல் மணம் மற்றவர்களுக்குப் பிடிக்காது என்று வெளியே போகத் தொடங்கியவர். பிறகு ஏரியைப் பார்க்காமல் சாப்பாடு இறங்காது என்று ஆகிவிட்டது. கூட வேலைசெய்த போர்த்துக்கல்காரி ஒருத்தி அப்படி இருக்கையில் ஒரு படம் எடுத்தாள். வெள்ளை மேலங்கி, தலையில் முடிவலை, மடியில் மாஜரின் டப்பா, வாய் நிறையச் சிரிப்பு. இவருடைய மற்றப் படங்கள் எல்லாம் பாஸ்போட்டுக்கும் அகதி விசாரணைக்கும் எடுத்தவை. அவற்றில் ஒருவரும் சிரிப்பதில்லை. சிரித்த முகம் என்று உலகத்தில் இருந்தது அந்த ஒரு படம்தான்.

ஒரு பனிக்காலை வேலைக்குச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சாம்பலை அந்த ஏரியில்தான் கரைத்தோம். பிறகு நானும் மகளும் ஸ்காபரோவுக்கு, டோர்செட் பார்க்கில் என் அண்ணை இருந்த கட்டடத்துக்கே குடிவந்தோம். தொழிற்சாலையும் கொஞ்ச நாளில் மூடப்பட்டது. இடித்துவிட்டு மாடிவீடுகள் கட்டத் தொடங்கினார்கள். ‘ஏரியைப் பார்த்தபடி வாழுங்கள்’ என்று பெரிய விளம்பரம். அந்த ஏரியை இவர் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பார்த்தவர், அதுவும் குளிர் இல்லாத நாளில்.

போர்த்துக்கல்காரிதான் போன் எடுத்தாள். கரையின் பழைய கதையைச் சொல்லும் கலைவேலை ஒன்று செய்யப் போகிறார்களாம். அங்கே வாழ்ந்தவர், உழைத்தவர்களின் முகங்களைக் கல்லில் பொறிக்கப் போகிறார்களாம். நகரசபையும் கட்டடக்காரர்களும் சேர்ந்து செய்கிறார்களாம். “உன் புருஷனின் படத்தைக் கொண்டு வா, அதை எடுத்தது நான்” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ், ஒரு சப்வே, ஒரு ஸ்ட்ரீட்கார் ஏறிப் போனேன்.

நூலகத்து அறை ஒன்றில் அந்தச் சிற்பக்காரி இருந்தாள். வயது நாற்பது இருக்கும், நகமெல்லாம் கல்தூசு. நல்ல மனுஷி. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பிறகு அவளைத் திட்டப்போகிறேன். படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். மகளுக்கு அப்போது பதினாலு வயது, அவள்தான் மொழிபெயர்ப்பு. நான் கேட்காத கேள்வி இல்லை. மழைக்கு அழியுமா? பனிக்கு வெடிக்குமா? கன்னத்துக் குழி வருமா? அந்த முடிவலையை எடுத்துவிடலாமா, மனிதன் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறாரே? வலை இருக்கட்டும், அதுதான் வரலாறு என்றாள். சரி, இருக்கட்டும் என்றேன்.

எங்கே வைப்பீர்கள் என்று மட்டும் நான் கேட்கவில்லை.

கேட்கத் தோன்றவே இல்லை. ஒரு படத்தை, அதுவும் செத்தவரின் படத்தை, எங்கே வைப்பார்கள்? சுவரில். எங்கள் ஆட்கள் யாரை எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். சாப்பாட்டை எந்தப் பக்கத்தால் சாப்பிடுவீர்கள் என்று யாராவது கேட்பார்களா?

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. மகள் எழும்பும்போது அவள் கால் நிலத்தில் கிடந்த சிற்பக்காரியின் வரைபுத்தகத்தில் பட்டுவிட்டது. உடனே குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எழுத்தில், படத்தில், மனிதரில் கால் பட்டால் நாங்கள் செய்வது அது. அவளுக்கு யோசிக்காமலே கை போகும். சிற்பக்காரி கண்டுவிட்டு என்ன அது என்று கேட்டாள். மகள் வெட்கப்பட்டு, ஒன்றுமில்லை, சும்மா பழக்கம் என்று தோளைக் குலுக்கினாள். பிறகு அவர்கள் இரண்டு பேரும் வெகுநேரம் கதைத்தார்கள். மகளும் கையை விரித்து விரித்து ஏதோ சொன்னாள். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் இல்லை. என்ன கதைக்கிறீர்கள் என்றதற்கு, “எங்கட கல்ச்சர் பற்றிக் கேக்கிறா அம்மா” என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திறப்புவிழாவுக்கு அண்ணையும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நான் பட்டுச்சேலை கட்டி, குளிருக்கு மேலே ஒரு சால்வை போட்டிருந்தேன். கையில் ஒரு மல்லிகை மாலை, பிளாஸ்டிக்தான், ஆனால் நல்லது. எந்தச் சுவர் என்று தேடினேன். முகம் பதித்த சுவர் ஒன்றையும் காணவில்லை. சனம் எல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தது. நானும் கீழே பார்த்தேன். நடைபாதை நெடுகக் கற்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு முகம். மீன்வலை இழுத்தவன், நடனமண்டபத்தில் ஊதுகுழல் ஊதியவன், நீச்சல்காரி, பிஸ்கட் தொழிற்சாலைப் பெண்கள். அதற்கு அடுத்த கல்லில், முடிவலையோடு, கன்னத்துக் குழியோடு, சைக்கிள் சில்லுக்குக் கீழே, சிரித்துக்கொண்டு இவர்.

சைக்கிளை நான் தள்ளினேன். கொஞ்சம் பலமாகத்தான் தள்ளினேன். ஐஸ்கிரீம் விழுந்துவிட்டது. என் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, சால்வையை உருவி இவர் முகத்தில் போர்த்திவிட்டு, அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றேன். நாடா வெட்டின நகரசபை ஆள் கத்தரிக்கோலோடு எங்கள் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார். வரட்டும், பார்ப்போம் என்று நின்றேன். அவர் சிரித்தபடி என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். என்னையும் அந்தக் கலைவேலையில் ஒரு பகுதி என்று நினைத்தாரோ தெரியாது.

அண்ணை என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

“பிள்ளை, வந்த இடத்தில மானத்தை வாங்காதை. எல்லாரும் பாக்கினம்.”

“ஆரின்ரை மானம் அண்ணை? உங்கட மானமோ, கீழ கிடக்கிறவரின்ரை மானமோ?”

“அவைக்கு உது மரியாதை. விளங்காமல் குதிக்காதை.”

“அப்ப உங்கட படத்தையும் குடுங்கோ. பக்கத்தில ஒரு கல்லுப் போடட்டும்.”

அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு தள்ளிப்போய் நின்றார். அங்கிருந்த எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போர்த்துக்கல்காரியின் தாயும் ஒரு கல்லில் இருந்தாள். அவள் சப்பாத்தோடு தன் அம்மாவின் நெற்றியில் நின்று படம் எடுத்துக்கொண்டாள், ஆனந்தக் கண்ணீரோடு. என்னிடம் வந்து, எங்கள் மாதா கோயிலில் பெரிய ஆட்களை நிலத்துக்குக் கீழேதான் புதைப்பார்கள், சனம் மேலே நடக்கும், அது கௌரவம் என்றாள். உன் அம்மா, உன் கௌரவம், நீ நில் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. என் சப்பாத்தைத் தேடி எடுத்து வந்து தந்தாள்.

திரும்பி வரும்போது சப்வேயில் மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வந்தாள். கெனடி ஸ்டேஷன் வரும் தறுவாயில் அவளே தொடங்கினாள்.

“அம்மா, ஐ திங்க் இட்ஸ் மை ஃபோல்ட்.”

“என்ன?”

“அண்டைக்கு லைப்ரரியில அவ, உங்கட ஆக்கள் படங்களை எங்க வைக்கிறவை எண்டு கேட்டவ. நான் கோலத்தைப் பற்றிச் சொன்னனான். வாசலில, நிலத்தில, வடிவாக் கீறுவம், வாறாக்களுக்கு அதுதான் வெல்கம் எண்டு. ஷீ வாஸ் ஸோ ஹாப்பி. சுவரோ நிலமோ எண்டு அதுவரைக்கும் அவவுக்கு முடிவில்லையாம். அப்பதான் நிலத்தில செய்யலாம் எண்டு முடிவெடுத்தவவாம்.”

என் காது கொதித்தது. “எந்தக் கோலத்திலயடி முகம் கண்டனி? ஆரின்ரை முகத்தை மிதிச்சுக்கொண்டு ஆரின்ரை வீட்டுக்குப் போனனி?”

பெட்டியில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோலம் என்பதை அவள் ஒழுங்காகக் கண்டதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு வயதில் ஊரை விட்டு வெளிக்கிட்டவள், பொங்கலுக்கு அடுக்குமாடி நடையில் நான் போட்ட ஒன்றிரண்டைத் தவிர அவளுக்கு என்ன தெரியும்? அதையும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பரின்டென்டன்ட் வந்து கழுவச் சொன்னவன். ஆனால் அப்போது நான் ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. கோபம் இறங்க எனக்கு நேரம் எடுக்கும். எடுத்தது.

அடுத்த கிழமை நகரசபைக்குப் போனோம். அண்ணை வரமாட்டேன் என்றுவிட்டார். அங்கே மேசைக்குப் பின்னால் ஒரு பொடியன், கழுத்துப்பட்டியும் சிரிப்புமாக. நான் சொன்னேன்: “என்ரை மனிசன்ரை முகத்தில நாய் மூத்திரம் பெய்யுது. உன்ரை அப்பாவை அங்க கொண்டுபோய்ப் படுக்கவை, நான் நாயோட வாறன். சொல்லு அவனுக்கு.”

மகள் ஏதோ சொன்னாள். பொடியன் இன்னும் அழகாகச் சிரித்தான்.

“நான் சொன்னதைச் சொன்னனியோ?”

“சொன்னனான்.”

“சொல்லியிருந்தால் உவன் சிரிப்பானோ?”

கற்கள் சீமெந்தோடு பொருத்தியாகிவிட்டது, வேறொருவரும் முறைப்பாடு செய்யவில்லை, மிதிப்பதுதான் இந்தக் கலையின் கருத்தே, நடக்கிறவர்கள் வரலாற்றைத் தொடுகிறார்கள் என்றான். காலால் தொடுவதற்கு அது என்ன பந்தா? அந்த வசனத்தையும் மகள் மொழிபெயர்க்கவில்லை.

சிற்பக்காரி தானாகவே வீட்டுக்கு வந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள், நான் சொல்லாமலே. சுவரில் இவருடைய படம், மாலை, சின்னச் சிவப்புப் பல்ப். அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. இருந்தாலும் விளக்கம் சொல்லத் தொடங்கினாள். நிலம்தான் எல்லாரையும் சமமாக்குகிறது என்று ஏதோ. நான் கையைக் காட்டி நிறுத்தினேன். உன் அம்மாவின் படம் உன் பையில் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். இருந்தது. வெளியே எடுத்தாள். பஞ்சு முடியோடு ஒரு கிழவி, கேக்குக்கு முன்னால்.

“நிலத்தில வைச்சிட்டு ஏறி நிக்கச் சொல்லு.”

“அம்மா, பிளீஸ்.”

“சொல்லடி.”

இந்தமுறை மகள் சொல்லுக்குச் சொல் சொன்னாள். சிற்பக்காரி குனிந்தாள். படத்தை நிலத்துக்குக் கிட்டக் கொண்டு போனாள். வைக்கவில்லை. அப்படியே குந்தியிருந்தாள். பிறகு எழும்பிப் படத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, உங்களைக் கேட்கச் சொல்லி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்றாள். என்னை ஒருவரும் கேட்கவில்லை என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள்.

அவள் உண்மையாகவே ஓடித்திரிந்தாள். நடைபாதையை ஒட்டி, புது மாடிவீட்டுக்காரரின் தோட்டத்தைச் சுற்றி ஒரு கட்டைச்சுவர் இருந்தது. தொழிற்சாலையின் பழைய செங்கல்லாலேயே கட்டியது. இவருடைய கல்லைப் பெயர்த்து அதில் பதிக்கலாம், வேலையைத் தானே இலவசமாகச் செய்வேன் என்று அவர்களைக் கேட்டாள். முடியாது என்றார்கள். சுவர் தங்கள் சொத்தாம். செத்தவனின் முகம் ஒன்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் வீடு வாங்க வருகிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்குமாம். அந்தச் செங்கல்லுக்குள் நின்று இவர் வேர்த்த வேர்வைக்கு, அந்தச் சுவரில் ஒரு முழம் இடம் இல்லை. இன்றைக்கு இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

கடைசியில் நகரசபை இரண்டு வழி சொன்னது. கல் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். அல்லது பெயர்த்து என்னிடமே தந்துவிடலாம். அந்த இடத்தைச் சீமெந்தால் நிரப்பி, கரையில் நட்ட அறிவிப்புப் பலகையிலிருந்தும் இவருடைய கதையை எடுத்துவிடுவார்கள். காலுக்குக் கீழே இரு, இல்லாவிட்டால் இல்லாமல் போ. மூன்றாவது வழி ஒன்று வேண்டும் என்று கேட்டேன். கோப்பு மூடியாகிவிட்டது என்றார்கள்.

அண்ணை அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். “பிள்ளை, யோசிச்சுச் செய். அந்தக் கரையில தமிழன் ஒருத்தன் வேலை செய்தவன் எண்டதுக்கு இருக்கிறது அந்த ஒரு கல்லுத்தான். அதையும் எடுத்தியெண்டால் நாளைக்கு நாங்கள் அங்க இருக்கவேயில்லை எண்டுவாங்கள்.”

அது தெரியாமலா இருந்தேன்? அவர் சொன்னது சரி என்பதால்தான் எனக்குக் கூடுதலாக ஆத்திரம் வந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். “நான் முடிவெடுக்கேலாது. நீ சொல்லு” என்று மகளைக் கேட்டேன். அவள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: “அப்பாவை எழுப்பிக்கொண்டு வாங்கோ அம்மா.”

பனி தொடங்குவதற்கு முன் பெயர்த்தார்கள். கல்லைப் போர்வையில் சுற்றி, லிஃப்டில் ஏற்றி, கொண்டுவந்து தந்தார்கள். இரண்டு பேர் தூக்கும் பாரம். மூக்கு நுனியில் சைக்கிள் கீறிய கோடு ஒன்று. சாமி அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து, அதில் சாய்த்து வைத்தோம். இப்போதும் அங்கேதான் சிரித்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள், ஏன் இந்த வலை என்று கேட்பார்கள். சொல்வேன்.

அதற்குப் பிறகு மூன்று நாலு வருடம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. திவசத்துக்குக்கூடக் கிழக்குப் பக்கக் கரைக்குப் போனோம். மகள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகத்தான், வாங்கோ அம்மா, போய்ப் பார்ப்பம் என்றாள். பலகையில் பிஸ்கட் தொழிற்சாலைக் கதை இருந்தது. போர்த்துக்கல்காரியின் தாய் இருந்தாள். மேற்பார்வையாளன் ஒருவன் இருந்தான். தமிழன் என்ற சொல்லே இல்லை. நான் பலகைக்கு முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். மகள் தடுக்கவில்லை.

பிறகு நடந்தோம். எல்லா முகங்களும் தேயத் தொடங்கியிருந்தன. ஊதுகுழல்காரனுக்குக் கண் இல்லை. நான் ஒவ்வொரு கல்லையும் சுற்றிச் சுற்றித்தான் நடந்தேன். யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. மகள் எனக்கு முன்னால், யாரோடோ போனில் ஆங்கிலத்தில் சிரித்துக் கதைத்துக்கொண்டு வேகமாகப் போனாள். போன வேகத்தில் அவள் கால் ஒரு வெறும் சீமெந்துச் சதுரத்தில் பட்டது. மற்றக் கற்களைவிட வெளிறிய நிறம். முகமும் இல்லை, எழுத்தும் இல்லை.

அவள் பேச்சை நிறுத்தினாள். குனிந்து அந்தச் சீமெந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பின்னால் ஒரு சைக்கிள்காரன் விடாமல் மணி அடித்தான். நான் திரும்பி நின்று பாதையை மறித்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன், பொறு, அவள் தகப்பன் அங்கே இருக்கிறார் என்று.